ஜெல் தட்டில் தெரிந்த ஒரு கோடு... கோடிக்கணக்கான குழந்தைகளைக் காக்கும் தடுப்பூசியின் கதை!

1967-ம் ஆண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உள்ள புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம். அங்கே வேலை பார்த்த ஓர் இளம்பெண்ணுக்குச் சில நாள்களாகவே உடம்பு சரியில்லை. நோயாளிகளின் ரத்தத்திலிருந்து ஒரு விநோதமான புரதத்தைப் பிரித்தெடுப்பதுதான் அவருடைய அன்றாட வேலை. ஒருநாள் மாலை அவருக்குள் ஒரு சந்தேகம் எழுந்தது. தன் ரத்தத்தையே எடுத்து, தினமும் மற்றவர்களின் ரத்தத்துக்குச் செய்யும் அதே பரிசோதனையைச் செய்துவைத்தார்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தபோது, கண்ணாடித் தட்டில் உறைந்திருந்த ஜெல்லில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. மங்கலாக இருந்தாலும், சந்தேகத்துக்கு இடமில்லாத கோடு. சில நாள்களில் அவர் கண்கள் மஞ்சளாயின. மஞ்சள் காமாலை!

நல்லவேளையாக அவர் முழுமையாகக் குணமடைந்தார். உலகில் ஹெபடைட்டிஸ் பி நோய் ஒரு ரத்தப் பரிசோதனையால் அடையாளம் காணப்பட்டது அதுதான் முதல்முறை. அந்தக் கோட்டைப் பின்தொடர்ந்து போனதில்தான் உலகின் முதல் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி பிறந்தது. புற்றுநோயைத் தடுக்கும் முதல் தடுப்பூசி என்ற பெயரும் அதற்குக் கிடைத்தது.

அந்த ஆய்வகத்தின் தலைவர் பெயர் பரூக் பிளம்பெர்க். இதில் ஆச்சர்யம் என்னவென்றால், அவர் மஞ்சள் காமாலை வைரஸைத் தேடவே இல்லை.

ஒரே ஊர்... சிலருக்கு மட்டும் ஏன் நோய்?

பிளம்பெர்க் 1925-ம் ஆண்டு ஜூலை 28-ம் தேதி நியூயார்க்கில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரின்போது கடற்படையில் பணியாற்றினார். கல்லூரியில் படித்தது இயற்பியல். மேற்படிப்புக்குக் கணிதத்தைத் தேர்ந்தெடுத்தவரை, வழக்கறிஞரான அப்பாதான் மருத்துவம் படிக்கச் சொன்னார்.

மருத்துவ மாணவராக இருந்தபோது, தென் அமெரிக்காவின் சூரினாம் நாட்டில் உள்ள மொயெங்கோ என்ற சுரங்க ஊருக்குச் சில மாதங்கள் அனுப்பப்பட்டார். அந்த நாட்டுத் தோட்டங்களில் வேலை செய்வதற்காக இந்தியா, ஜாவா, ஆப்பிரிக்கா, சீனா எனப் பல இடங்களிலிருந்தும் மக்கள் கொண்டுவரப்பட்டிருந்தார்கள். அவர்களின் சந்ததியினர் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தார்கள். ஒரே கொசு எல்லோரையும் கடித்தது. ஆனாலும், யானைக்கால் நோய் எல்லோருக்கும் ஒரே அளவில் வரவில்லை. ஒரு பிரிவினரை அதிகமாகத் தாக்கியது. இன்னொரு பிரிவினரைக் குறைவாகத் தாக்கியது.

'ஒரே சூழலில் வாழும் மனிதர்களில் சிலர் மட்டும் ஏன் நோயில் விழுகிறார்கள்? பிறவியிலேயே ரத்தத்தில் ஏதாவது வேறுபாடு இருக்குமா?' இந்தக் கேள்வி அவரை விடவில்லை. மருத்துவப் பட்டத்துக்குப் பிறகு ஆக்ஸ்போர்டில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு, அமெரிக்காவின் தேசிய சுகாதார ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். நைஜீரியா தொடங்கி உலகின் பல பகுதி மக்களிடமிருந்து ரத்த மாதிரிகளைச் சேகரித்து, உறைபெட்டிகளில் பத்திரப்படுத்தினார்.

24 மாதிரிகளில் ஒன்று

சேகரித்தாகிவிட்டது. வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது எப்படி? பிளம்பெர்க் கையில் எடுத்தது, நோய் எதிர்ப்பியலின் ஓர் எளிய உத்தி.

நம் உடல், தனக்குச் சொந்தமில்லாத புரதம் ஒன்று உள்ளே வந்தால், அதைப் பிடித்துக்கொள்ள எதிர்ப்புரதங்களை உருவாக்கும். இவற்றைத்தான் ஆன்டிபாடி என்கிறோம். ஹீமோபீலியா என்ற ரத்தம் உறையாத நோய் உள்ளவர்களுக்கு அடிக்கடி பிறர் ரத்தம் ஏற்றப்படும். பலருடைய ரத்தப் புரதங்களைச் சந்தித்த உடல் என்பதால், பலவிதமான எதிர்ப்புரதங்கள் அவர்களிடம் உருவாகியிருக்கும். அவர்களின் ரத்தநீரை வைத்துக்கொண்டு மற்றவர்களின் ரத்தத்தைச் சோதித்தால், மறைந்திருக்கும் வேறுபாடுகள் வெளிப்பட்டுவிடும் என்று கணக்குப்போட்டார்.

சோதனையும் எளிதானது. கடல்பாசியிலிருந்து எடுக்கும் அகர் என்ற பொருளைக் காய்ச்சி, கண்ணாடித் தட்டில் ஊற்றினால் ஜெல்லாக உறையும். அதில் சின்னச் சின்னக் குழிகள் வெட்ட வேண்டும். ஒரு குழியில் ஹீமோபீலியா நோயாளியின் ரத்தநீர், சுற்றியுள்ள குழிகளில் மற்றவர்களின் ரத்தநீர். இரண்டும் ஜெல்லில் மெதுவாகப் பரவும். எதிர்ப்புரதம் தனக்குப் பொருந்தும் புரதத்தைச் சந்திக்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு விழும்.

1963-ம் ஆண்டு, அதே நிலையத்தின் ரத்த வங்கிப் பிரிவிலிருந்த ஹார்வி ஆல்ட்டர் என்ற இளம் மருத்துவரும் பிளம்பெர்க்கும் சேர்ந்து இந்தச் சோதனையைச் செய்துகொண்டிருந்தார்கள். நியூயார்க்கைச் சேர்ந்த ஹீமோபீலியா நோயாளி ஒருவரின் ரத்தநீர், உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த 24 மாதிரிகளில் ஒன்றே ஒன்றுடன் மட்டும் வினைபுரிந்தது. அது ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதரின் ரத்தம்.

நியூயார்க் எங்கே, ஆஸ்திரேலியா எங்கே? எவருக்கும் புரியவில்லை. பெயர் வைக்க வேண்டுமே என்று, 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று வைத்தார்கள். எதிர்ப்புரதத்தைத் தூண்டிவிடும் அந்நியப் பொருளைத்தான் மருத்துவத்தில் ஆன்டிஜென் என்கிறார்கள்.

பரம்பரையா... தொற்றா?

1964-ல் பிளம்பெர்க் பிலடெல்பியா புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்துக்கு மாறினார். ஆரோக்கியமான அமெரிக்கர்களிடம் அந்த ஆன்டிஜென் மிக அபூர்வமாகவே தென்பட்டது. ரத்தப் புற்றுநோயாளிகளிடம் அடிக்கடி தென்பட்டது. 'இது பிறவியிலேயே வரும் புரதம். இது இருப்பவர்களுக்கு ரத்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம்போல' என்று நினைத்தார். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் அபாயம் அதிகம் என்பது மருத்துவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். எனவே, அவர்களின் ரத்தத்தையும் சோதித்தார். அங்கேயும் ஆன்டிஜென் நிறையவே இருந்தது.

ஊகம் சரிதான் என்று முடித்திருக்கலாம். ஆனால், சிறு முரண் ஒன்று இடித்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில், நெரிசலான பெரிய காப்பகங்களில் வாழ்பவர்களிடம்தான் அந்த ஆன்டிஜென் அதிகம் இருந்தது. சிறிய இல்லங்களில் குறைவு. பிறந்த குழந்தைகளிடம் இல்லவே இல்லை. பிறவியிலேயே வருவதாக இருந்தால், வாழும் இடத்தைப் பொறுத்து மாறுமா?

1966-ல் இன்னொரு திருப்பம். முதல்முறை சோதித்தபோது ஆன்டிஜென் இல்லாதிருந்த ஒரு டவுன் சிண்ட்ரோம் நோயாளிக்கு, மறுமுறை சோதித்தபோது இருந்தது. பரம்பரைப் புரதம் நடுவில் வந்து ஒட்டிக்கொள்ளாது. அப்படியானால், இடைப்பட்ட காலத்தில் அவர் உடலில் என்ன நடந்தது? அவரை மருத்துவமனையில் சேர்த்துப் பரிசோதித்தார்கள். கல்லீரல் அழற்சி, அதாவது ஹெபடைட்டிஸ் வந்திருந்தது.

இதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான் அந்த ஆய்வகப் பெண்ணின் ஜெல் தட்டில் கோடு தெரிந்தது. பிளம்பெர்க் தன் பழைய ஊகத்தைக் கைவிட்டார். தேடிக்கொண்டிருந்த பரம்பரைப் புரதம் அது இல்லை. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஒரு வைரஸின் பகுதி என்று அறிவித்தார்.

வைரஸ் ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாகத் தேடியும் சிக்காத ஒன்றை, அந்தத் துறைக்கு வெளியே இருந்த ஒருவர் கண்டுபிடித்ததாகச் சொன்னதைப் பலரால் நம்ப முடியவில்லை. ஆனால், 1968-ல் நியூயார்க்கில் ஆல்ஃபிரட் பிரின்ஸ், ஜப்பானில் கசுவோ ஒகோச்சி இருவரும் தனித்தனியாகச் செய்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தின. 1970-ல் லண்டனில் டேவிட் டேன் என்ற விஞ்ஞானி, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த வைரஸை முழு உருவத்தில் பார்த்தார்.

ரத்த வங்கிக்கு வந்த காவலாளி

இந்தக் கண்டுபிடிப்பின் முதல் பலன் ரத்த வங்கிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அதுவரை உயிர் காப்பதற்காக ஏற்றிய ரத்தமே பலருக்கு மஞ்சள் காமாலையைக் கொண்டுவந்தது. எந்தப் பாட்டிலில் வைரஸ் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. இப்போது வழி கிடைத்தது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க ரத்த வங்கிகளில் இந்தப் பரிசோதனை கட்டாயமானது. இன்று நம் ஊர்களில் ரத்ததானம் செய்தாலும், அறுவை சிகிச்சைக்குப் போனாலும், கர்ப்பிணிகள் பரிசோதனைக்குப் போனாலும் எடுக்கும் 'ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி' டெஸ்ட் அன்றைய ஆஸ்திரேலியா ஆன்டிஜென் சோதனையின் வாரிசுதான்.

வைரஸின் மேல்சட்டையே மருந்து!

அடுத்தது தடுப்பூசி. வழக்கமாக வைரஸ்களை ஆய்வகத்தில் வளர்த்து, பலவீனமாக்கித்தான் தடுப்பூசி செய்வார்கள். ஹெபடைட்டிஸ் பி வைரஸோ ஆய்வகத்தில் வளர மறுத்தது. பிளம்பெர்க்கும் அவருடைய சகா இர்விங் மில்மனும் வேறு வழியில் யோசித்தார்கள்.

இந்த வைரஸுக்கு ஒரு விநோதப் பழக்கம் உண்டு. தனக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு அதிகமாகத் தன் மேலுறைப் புரதத்தைத் தயாரித்து ரத்தத்தில் கொட்டும். ஓர் ஆளுக்கு ஆயிரம் சட்டை தைப்பது மாதிரி. ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்பது அந்த வெற்றுச் சட்டைதான். உள்ளே ஆள் இல்லை. அதனால் நோயை உண்டாக்காது. ஆனால், நம் உடலின் காவல்படை அந்தச் சட்டையைப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ளும். நாளை நிஜமான வைரஸ் அதே சட்டையோடு வந்தால், வாசலிலேயே பிடித்துவிடும்.

ஆக, நோயைச் சுமப்பவர்களின் ரத்தத்திலிருந்தே அந்தத் துகள்களைப் பிரித்து, சுத்தப்படுத்தித் தடுப்பூசியாகத் தரலாம். 1969-ல் இருவரும் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். மனித ரத்தத்திலிருந்து தடுப்பூசி என்பது அதற்கு முன் எவரும் கேள்விப்படாத யோசனை.

இந்தப் பாதையில் ஒரு கறுப்பு அத்தியாயமும் உண்டு. நியூயார்க் ஸ்டேட்டன் தீவில், அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளுக்காக வில்லோபுரூக் என்ற அரசு இல்லம் இருந்தது. அங்கு மருத்துவர் சால் க்ருக்மன் நடத்திய ஆய்வுகளில் குழந்தைகளுக்கு வேண்டுமென்றே ஹெபடைட்டிஸ் கிருமி செலுத்தப்பட்டது. மஞ்சள் காமாலையில் இரண்டு வகை வைரஸ்கள் உண்டு என்பதும், நோயாளியின் ரத்தநீரைக் கொதிக்கவைத்துச் செலுத்தினால் பாதுகாப்பு கிடைக்கிறது என்பதும் அந்த ஆய்வுகளில் தெரிந்தன. பெற்றோரின் சம்மதம் வாங்கியதாகச் சொல்லப்பட்டாலும், தங்கள் நிலைமையைச் சொல்லவே தெரியாத குழந்தைகளைச் சோதனைக்கு உட்படுத்தியது பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. மனிதர்கள் மீதான மருத்துவ ஆய்வுகளுக்குக் கடுமையான நெறிமுறைகள் ஏன் தேவை என்பதற்கு, இன்றும் மருத்துவக் கல்லூரிகளில் வில்லோபுரூக்கை உதாரணம் காட்டுகிறார்கள்.

தடுப்பூசியைத் தொழிற்சாலையில் தயாரிக்கும் பொறுப்பை மெர்க் நிறுவனத்தின் மாரிஸ் ஹில்மன் ஏற்றார். ரத்தத்தில் வேறு எந்தக் கிருமி இருந்தாலும் அழிந்துவிட வேண்டும் என்பதற்காக பெப்சின், யூரியா, ஃபார்மால்டிஹைடு என்று மூன்று கட்டங்களில் சுத்திகரித்தார். உல்ஃப் ஷ்முனெஸ் என்ற மருத்துவர், நோய்த்தொற்று அபாயம் அதிகமிருந்த நியூயார்க்கின் தன்பால் ஈர்ப்பாளர்களில் 1,083 தன்னார்வலர்களிடம் அதைச் சோதித்தார். 1980-ல் வெளியான முடிவு, தடுப்பூசி 90 சதவிகிதத்துக்கும் மேல் பாதுகாப்பு தருவதைக் காட்டியது. 1981-ல் அனுமதி கிடைத்தது.

இதற்கிடையில், 1976-ம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு பிளம்பெர்க்குக்கு வந்து சேர்ந்தது. கார்ல்டன் கஜ்டுசெக் என்ற விஞ்ஞானியுடன் அதைப் பகிர்ந்துகொண்டார்.

ரத்தம் வேண்டாம்... ஈஸ்ட் போதும்!

தடுப்பூசி வந்த அதே 1981-ல்தான் எய்ட்ஸ் என்ற புதிய நோயும் வெளிச்சத்துக்கு வந்தது. ரத்தத்திலிருந்து செய்த தடுப்பூசி என்றதும் மக்கள் தயங்கினார்கள். ஹில்மனின் மூன்று கட்டச் சுத்திகரிப்பு ஹெச்.ஐ.வி-யையும் அழித்துவிடும் என்பது பிறகு உறுதியானது. ஆனாலும், பயம் போகவில்லை.

தீர்வு, ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டிலிருந்து வந்தது. வைரஸின் மேல்சட்டையைத் தைக்கும் மரபணுவை மட்டும் வெட்டியெடுத்து ஈஸ்ட்டுக்குள் வைத்தால், ஈஸ்ட்டே அந்தச் சட்டையைத் தைத்துக் கொடுக்கும். கலிஃபோர்னியாவில் பாப்லோ வலென்சுவேலா, வில்லியம் ரட்டர் குழுவினர் இதை 1982-ல் செய்துகாட்டினார்கள். 1986-ல் இந்தப் புதிய தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது. மரபணுத் தொழில்நுட்பத்தில் மனிதர்களுக்காக உருவான முதல் தடுப்பூசி இதுதான். ஒரு துளி மனித ரத்தமும் தேவையில்லை.

ஆனால், விலை? வளரும் நாடுகளின் சாதாரணக் குடும்பங்களால் எட்டிப்பிடிக்க முடியாத உயரத்தில் இருந்தது. இந்தியாவில் அந்த உயரத்தை இறக்கியவர், ஹைதராபாத்தைச் சேர்ந்த எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயர் கே.ஐ.வரபிரசாத் ரெட்டி. மருத்துவமோ உயிரியலோ படிக்காத அவர், தன் அம்மாவின் பெயரில் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனத்தை 1993-ல் தொடங்கினார். நான்கே ஆண்டுகளில், 1997 ஆகஸ்ட்டில், இந்தியாவிலேயே உருவான ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி சந்தைக்கு வந்தது. மற்ற இந்திய நிறுவனங்களும் களமிறங்க, விலை மளமளவெனச் சரிந்தது.

தைவான் தந்த சாட்சி

மஞ்சள் காமாலைக்கு ஒரு தடுப்பூசி. சரி, இது எப்படிப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆனது?

அமெரிக்க மருத்துவர் பால்மர் பீஸ்லி தைவானில் 22,707 ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தார். 1981-ல் வெளியான முடிவு மருத்துவ உலகை அதிரவைத்தது. கல்லீரல் புற்றுநோயால் இறந்த 41 பேரில் 40 பேர், ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி வைரஸைச் சுமந்தவர்கள். வைரஸ் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், அவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் அபாயம் 200 மடங்குக்கும் மேல்.

தைவான் தாமதிக்கவில்லை. 1984 ஜூலையில், வைரஸைச் சுமக்கும் தாய்மார்களின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தது. இரண்டே ஆண்டுகளில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் விரிவாக்கியது. அந்தக் குழந்தைகள் வளரும்வரை உலகம் காத்திருந்தது. 1997-ல் மெய்-ஹ்வெய் சாங் என்ற குழந்தைகள் நல மருத்துவர் தலைமையிலான குழு கணக்கை வெளியிட்டது. 6 முதல் 14 வயதுக் குழந்தைகளிடம் கல்லீரல் புற்றுநோய், லட்சத்துக்கு 0.70 என்ற அளவிலிருந்து 0.36 ஆகக் குறைந்திருந்தது. ஏறக்குறைய பாதி! ஒரு தடுப்பூசியால் புற்றுநோயைத் தடுக்க முடியும் என்பதற்குக் கிடைத்த முதல் நேரடிச் சாட்சி அது.

கீழாநெல்லியும் நோபல் விஞ்ஞானியும்

பிளம்பெர்க்கின் கதையில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. தடுப்பூசி, நோய் வராமல் தடுக்கும். ஏற்கெனவே வைரஸைச் சுமப்பவர்களுக்கு அதனால் பயனில்லை. அவர்களுக்கு என்ன தருவது என்று தேடியபோது, அவர் பார்வை நம்மூர் வரப்போரங்களில் முளைக்கும் கீழாநெல்லி மீது விழுந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் நுண்ணுயிரியல் பேராசிரியர் எஸ்.பி.தியாகராஜன் அப்போது கீழாநெல்லியை ஆராய்ந்துகொண்டிருந்தார். பிலடெல்பியாவில் பி.எஸ்.வெங்கடேஸ்வரன், மில்மன், பிளம்பெர்க் மூவரும் ஆய்வகத்திலும் விலங்குகளிலும் அதைச் சோதித்தார்கள். இரு தரப்பும் கைகோத்து, வைரஸைச் சுமப்பவர்களுக்கு 30 நாள்கள் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்தார்கள். ஒப்பீட்டுக்காக இன்னொரு பிரிவினருக்கு மருந்தில்லாத வெற்றுப் பொடி கொடுக்கப்பட்டது.

1988-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வெளியானது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்த ஆன்டிஜென் மறைந்திருந்தது. வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது.

ஆனால், அறிவியல் ஒரு முடிவோடு நின்றுவிடாது. மற்ற இடங்களில் செய்த மறு ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. கீழாநெல்லி குடும்பத்தில் எந்த இனம், எந்த மண்ணில் விளைந்தது, எப்போது பறித்தது என்ற கேள்விகள் எழுந்தன. கூடுதல் ஆய்வுகள் வந்தும், ஹெபடைட்டிஸ் பி-யை அது குணப்படுத்தும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை.

அப்படியானால், 'பச்சிலை கொடுத்து எங்க தாத்தாவுக்குக் காமாலை இறங்கிடுச்சே' என்று பலரும் சொல்வது பொய்யா? பொய்யில்லை. மஞ்சள் காமாலை ஒரே நோய் இல்லை; கல்லீரல் பாதிப்பின் அறிகுறி. அதை உண்டாக்கும் வைரஸ்கள் ஏ, பி, சி, டி, இ என ஐந்து. அசுத்தமான நீர், உணவு வழியாக வரும் ஏ, இ இரண்டும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். பச்சிலை சாப்பிட்டாலும் சரியாகும். பத்தியம் மட்டும் இருந்தாலும் சரியாகும். சிக்கல், ரத்தத்தில் தங்கிவிடும் பி, சி இரண்டிலும்தான். அவை கண்ணில் மஞ்சளைக் காட்டாமலேயே 20, 30 ஆண்டுகள் உள்ளே இருக்கும். 'காமாலை இறங்கிடுச்சு' என்று பரிசோதனை செய்யாமல் விட்டுவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

முதல் 24 மணி நேரம்

ஹெபடைட்டிஸ் பி சாப்பாட்டைப் பகிர்வதாலோ, கைகுலுக்குவதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ பரவாது. ரத்தம், பாதுகாப்பற்ற உடலுறவு, சுத்திகரிக்காத ஊசி, பகிர்ந்துகொள்ளும் ஷேவிங் பிளேடு, தரமற்ற பச்சை குத்தும் ஊசி ஆகியவற்றால் பரவும். எல்லாவற்றையும்விட முக்கியமான வழி, பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவது.

ஆரோக்கியமான ஒரு பெரியவருக்கு இந்த வைரஸ் தொற்றினால், 100-ல் 95 பேருக்கு உடலே அதை விரட்டிவிடும். அந்த ஆய்வகப் பெண் குணமடைந்தது அப்படித்தான். பிறக்கும்போதே தொற்றினால் கணக்கு தலைகீழ். 100-ல் 90 குழந்தைகளுக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும். பச்சிளம் குழந்தையின் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு யார் எதிரி என்றே இன்னும் தெரியாது. வைரஸை வீட்டு ஆளாக நினைத்து விட்டுவிடும். பல ஆண்டுகள் கழித்து விழித்துக்கொண்டு தாக்கத் தொடங்கும்போது, வைரஸ் குடியிருக்கும் கல்லீரல் செல்களும் சேர்ந்தே அழியும். தழும்பு மேல் தழும்பு விழுந்து கல்லீரல் சுருங்குவதும், புற்றுநோய் வருவதும் இதன் தொடர்ச்சி.

அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் டோஸ் போட வேண்டும் என்கிறார்கள். 'பிள்ளை இப்பத்தானே பிறந்திருக்கு, அதுக்குள்ள ஊசியா? ஒரு மாசம் போகட்டும்' என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்குவது இயல்பு. ஆனால், பிரசவத்தில் குழந்தையின் உடலுக்குள் போன வைரஸ் ஒரு மாதம் காத்திருக்காது.

இந்திய அரசு தன் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைட்டிஸ் பி-யை 2002-ல் சோதனை முயற்சியாகச் சேர்த்து, 2011-ல் நாடு முழுவதும் விரிவாக்கியது. பிறந்தவுடன் ஒன்று, பிறகு 6, 10, 14-வது வாரங்களில் பென்டாவேலன்ட் தடுப்பூசியின் பகுதியாக மூன்று. அரசு மருத்துவமனைகளில் எல்லாமே இலவசம். இந்தத் தடுப்பூசி போட்டவர்களுக்கு ஹெபடைட்டிஸ் டி பயமும் இல்லை; பி வைரஸின் துணையில்லாமல் டி வைரஸால் பிழைக்க முடியாது.

கர்ப்பிணிக்குப் பரிசோதனையில் 'பாசிட்டிவ்' என்று வந்தால் பதற வேண்டியதில்லை. ரத்தத்தில் வைரஸ் அளவு அதிகமிருந்தால் கர்ப்பகாலத்திலேயே மாத்திரை தருவார்கள். பிறந்தவுடன் குழந்தைக்குத் தடுப்பூசியோடு, தயார்நிலை எதிர்ப்புரதங்கள் கொண்ட இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடுவார்கள். தாய்ப்பாலும் தாராளமாகக் கொடுக்கலாம். ஏற்கெனவே வைரஸைச் சுமக்கும் பெரியவர்களுக்கு டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு இவை நோயை முழுமையாக விரட்டாது. ஆனால் கட்டுப்பாட்டில் வைத்துப் புற்றுநோய் அபாயத்தைக் குறைக்கும். 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். வீட்டில் ஒருவருக்கு வைரஸ் இருப்பது தெரிந்தால், மற்றவர்கள் பரிசோதித்துக்கொண்டு, இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு ஆறு மாதங்களில் மூன்று ஊசிகள்.

பாதி வேலை பாக்கி

2011 ஏப்ரல் 5. கலிஃபோர்னியாவில் உள்ள நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்தில், நிலவு ஆராய்ச்சி பற்றிய கருத்தரங்கில் உரையாற்றிய பிளம்பெர்க், அன்றே மாரடைப்பால் இறந்தார். வயது 85. வேற்றுக் கிரகங்களில் உயிர் இருக்குமா என்று ஆராயும் நாசா அமைப்பின் முதல் இயக்குநராகவும் இருந்தவர் அவர். அவர் பிறந்த ஜூலை 28-ம் தேதியைத்தான் உலக ஹெபடைட்டிஸ் தினமாக அனுசரிக்கிறோம். அவருடன் சேர்ந்து அந்த முதல் கோட்டைப் பார்த்த ஹார்வி ஆல்ட்டர், ஹெபடைட்டிஸ் சி வைரஸைக் கண்டறிய வழிவகுத்த ஆய்வுக்காக 2020-ல் நோபல் பரிசு பெற்றார். சி வகையை மாத்திரைகளால் குணப்படுத்த முடிகிறது. அதற்குத் தடுப்பூசி இன்னும் இல்லை.

பி வகைக்குத் தடுப்பூசி வந்து 40 ஆண்டுகளுக்கும் மேலாகிறது. ஆனாலும், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ல் உலகில் 25.4 கோடிப் பேர் இந்த வைரஸோடு வாழ்கிறார்கள். இந்தியாவில் மட்டும் ஏறக்குறைய 3 கோடிப் பேர். அவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்குத் தங்களிடம் வைரஸ் இருப்பதே தெரியாது. உலகில் பிறக்கும் குழந்தைகளில், முதல் 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி பெறுபவர்கள் பாதிக்கும் குறைவு, 45 சதவிகிதம்தான்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால், அதன் தடுப்பூசி அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பி.சி.ஜி-க்கும் போலியோ சொட்டு மருந்துக்கும் பக்கத்தில், ஹெபடைட்டிஸ் பி பிறப்பு டோஸ் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் குழந்தை பிறந்த நாளோ, அதற்கு மறுநாளோ தேதியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். கட்டம் காலியாக இருந்தால், அடுத்த தடுப்பூசி தினம்வரை காத்திருக்காமல் நாளைக் காலையே குழந்தைகள் நல மருத்துவரிடம் போய்க் கேட்டுவிடுங்கள்.